ஷேர் பண்ற மாடல்ல டயகிராம் கலைஞ்சு போச்சா? சேவ் பண்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

திங்கக்கிழமை காலைல பெங்களூரு பெல்லந்தூர் ட்ராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டு ஆபீஸ் வந்து சேர்றேன், பதினொரு மணிக்கு ரிவ்யூ, பைய கீழ வைக்கறதுக்குள்ள டீம்ல இருக்கற தம்பி வந்து "அண்ணா, சார்ஜிங் படம் மொத்தமா கலைஞ்சு கெடக்குண்ணா"ன்னு நிக்கிறார். தொறந்து பாத்தா, மாடலிங் டூல்ல நாங்க எல்லாரும் ஷேர் பண்ணி வச்சிருக்கற, 42 பாக்ஸ் இருந்த ஸ்டேட் மெஷின் படம் (எந்தெந்த நெலை இருக்கு, எதுலேர்ந்து எதுக்கு மாறும்னு காட்டற படம்), பாதி பாக்ஸ் இடது மேல் மூலைல ஒண்ணு மேல ஒண்ணா குமிஞ்சு கெடக்கு, கோடெல்லாம் இடியாப்பச் சிக்கல். நானும் கோயம்புத்தூர்ல இருக்கற இன்னொரு சாரும் ரெண்டு வாரம் உக்காந்து இழைச்ச படம் அது, நல்லபடியா ஓடற வழி இடமிருந்து வலமா போகும், ஃபால்ட் வந்தா கீழ இறங்கும், புதுசா சேர்ற யாரும் அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சுக்கலாம்.

ரிவ்யூக்கு நேரமாச்சேன்னு நான், டூலே பாக்ஸ தானா அடுக்கற ஆட்டோ லேஅவுட்ட அமுக்கி, கொஞ்சம் கையால இழுத்து சரி பண்ணி, சேவும் பண்ணிட்டேன். அரை மணி கழிச்சு கோயம்புத்தூர்ல இருந்து போன். "சார், எனக்கு வெள்ளிக்கிழமை தொறந்து வச்ச விண்டோ அப்படியே இருக்கு, இங்க நல்லாத்தானே இருக்கு?" நான் அவசரத்துல "மூடிட்டு மறுபடி தொறந்து பாருங்க சார்"னு சொல்லிட்டேன். அவரும் மூடினார். வெள்ளிக்கிழமை இருந்த படம் கண்ணால பாக்கற மாதிரி இருந்த ஒரே இடம் அந்த விண்டோதான். பேக்கப் எடுக்கறவங்ககிட்ட கேட்டா பேக்கப் பதினெட்டு நாள் பழசு. அப்புறம் ஒரு பழைய பிடிஎஃப்ப பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ரெண்டு சாயங்காலம் உக்காந்து திரும்ப அடுக்கினோம்.

அதனாலதான் இத எழுதறேன். பதறாத காரியம் சிதறாதுன்னு ஊர்ல சொல்வாங்க, இந்த விஷயத்துக்கு அது அச்சு அசலா பொருந்தும், ஏன்னா படம் கலையறதால வர்ற நஷ்டத்தவிட கலைஞ்ச அப்புறம் நாம பதறிப் போய் பண்றதாலதான் நஷ்டம் ஜாஸ்தி.

மொதல்ல செய்ய வேண்டியது

சேவ் பண்ணாதீங்க. மூடும்போது "மாத்தினத சேவ் பண்ணவா?"ன்னு டூல் கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க எதுவுமே மாத்தலையேன்னு நெனைக்கலாம், ஆனா சில டூல் படத்த தொறக்கும்போதே பாக்ஸ் அளவையும் கோட்டையும் தானா சரி பண்ணிடும், நீங்க சேவ் குடுத்ததும் அது எல்லாருக்கும் போய்ச் சேந்துடும்.

அடுத்தது டீம் க்ரூப்ல ஒரே ஒரு மெசேஜ்: இந்த டயகிராம யாரும் தொடாதீங்க, யார்கிட்டயாவது ஏற்கனவே தொறந்திருந்தா மூடாதீங்க, ரெஃப்ரெஷ் பண்ணாதீங்க, அப்படியே பிடிஎஃப்பாவோ எஸ்விஜியாவோ எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்க. எஸ்விஜி கெடைச்சா ரொம்ப நல்லது, அதுக்குள்ள பாக்ஸோட இடம் எண்ணாவே எழுதியிருக்கும், பின்னாடி திரும்ப அடுக்கும்போது அளவு எடுத்துக்கலாம். கலைஞ்சு கெடக்கற படத்தையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க, எப்படி கலைஞ்சிருக்குங்கறதுதான் காரணத்த கண்டுபிடிக்க இருக்கற ஒரே தடயம்.

ட்ரா டாட் ஐஓ மாதிரி தானா சேவ் ஆகற டூலா இருந்தா சேவ் பண்ணாம இருக்கறது நம்ம கைல இல்ல. அங்க நேரா வெர்ஷன் ஹிஸ்டரிக்கு போயிடுங்க. கூகுள் ட்ரைவ், ஒன்ட்ரைவ் ரெண்டுலயும் பழைய பதிப்பு நிக்கும், ஆனா அது எல்லா காலத்துக்கும் இருக்கும்னு நம்பாதீங்க, அன்னிக்கே எடுத்து வேற பேர்ல வச்சுடுங்க.

மாடல் வேற, படம் வேற

இது தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பெரும்பாலான மாடலிங் டூல் ரெண்டு விஷயத்த தனித்தனியா வச்சிருக்கு. ஒண்ணு மாடல்: என்னென்ன பாகம் இருக்கு, எது எதோட சேருது, யார் பேர் என்ன. இன்னொண்ணு படம்: அந்த பாகம் தாள்ல எந்த எடத்துல நிக்குது, அகலம் உயரம் எவ்ளோ, கோடு எங்க எங்க மடங்குது. நமக்கு கலைஞ்சு போறது பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

எக்லிப்ஸ் பாப்பைரஸ்ல இத கண்ணாலயே பாக்கலாம், ஒரே மாடலுக்கு மூணு ஃபைல் இருக்கும், யூஎம்எல்னு முடியறதுல மாடல், நோட்டேஷன்னு முடியறதுல படம், மூணாவது டிஐன்னு முடியும். என்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட்ல டேட்டாபேஸ்குள்ள பாகம் ஒரு டேபிள்ல இருக்கும், அது எந்த படத்துல எந்த எடத்துல நிக்குதுங்கறது இன்னொரு டேபிள்ல, கோடு வளையறது மூணாவது டேபிள்ல. பிபிஎம்என்ல (வேலை நடக்கற வரிசைய வரையற ஸ்டாண்டர்ட்) ஒரே ஃபைல்தான், ஆனா உள்ள மேல ப்ராசஸ், கீழ டயகிராம்னு ரெண்டு பகுதியா பிரிச்சு எழுதியிருக்கும், 2011ல வந்த 2.0 பதிப்புல இருந்து இந்த டயகிராம் பகுதியும் ஸ்டாண்டர்டுக்குள்ளயே வந்துடுச்சு.

அதனால படம் கலைஞ்சதும் இடது பக்கம் இருக்கற ப்ராஜெக்ட் ட்ரீய விரிச்சுப் பாருங்க. பாகமெல்லாம் இருக்கா, ஒண்ண க்ளிக் பண்ணா அதோட தொடர்பெல்லாம் வருதா? வந்தா மாடலுக்கு ஒண்ணும் ஆகல, மூச்சு விட்டுக்கலாம். ட்ரீலயே பாகம் காணோம்னா அது வேற கேஸ், அதுக்கு பேக்கப்தான், இந்தக் கட்டுரைய விட்டுட்டு உடனே அட்மின கூப்பிடுங்க.

உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

இந்த ஒரு கேள்விய கேக்காம யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு நான் இப்ப டீம்ல கண்டிப்பா சொல்லிட்டேன். இன்னொருத்தர அதே படத்த, அதே பதிப்புல, அவர் மெஷின்ல தொறக்கச் சொல்லுங்க, பாத்துட்டு சேவ் பண்ணாம மூடச் சொல்லுங்க. தொறந்து வச்சிருக்கறவர் இல்ல, இதுவரைக்கும் தொறக்காத ஒருத்தர்.

அவருக்கு நல்லா தெரிஞ்சா ஸ்டோர் ஆன படம் நல்லாத்தான் இருக்கு, உங்க மெஷின் அத வரையற விதத்துலதான் கோளாறு. இதுல நான் அதிகமா பாத்தது ஃபான்ட். படத்த விண்டோஸ்ல சேகோ யூஐ ஃபான்ட்ல போட்டிருப்பாங்க, மேக்ல அந்த ஃபான்ட் இருக்காது, டூல் வேற ஒண்ண எடுத்துக்கும், எழுத்து கொஞ்சம் அகலமானா எழுத்துக்கு ஏத்த மாதிரி விரியற பாக்ஸ் எல்லாம் விரியும், விரிஞ்ச பாக்ஸ் பக்கத்து பாக்ஸ் மேல ஏறும். தமிழ்லயோ கன்னடத்துலயோ லேபிள் போட்டா இது இன்னும் ஜாஸ்தி. எங்க டீம்ல ஒரு டெமோவுக்கு லேபிள் எல்லாம் தமிழ்ல போட்டிருந்தோம், ஒருத்தர் மெஷின்ல பழைய லதா ஃபான்ட், இன்னொருத்தர்ட்ட விண்டோஸ் 8ல இருந்து வர்ற நிர்மலா யூஐ, ரெண்டுலயும் எழுத்தோட அகலம் வேற வேற, "மின்னழுத்தம் சரிபார்ப்பு"ங்கற லேபிள் ஒரு மெஷின்ல ஒரு வரில நின்னுச்சு, இன்னொண்ணுல ரெண்டு வரியா உடைஞ்சு பாக்ஸ் உயரத்த தள்ளி கீழ இருந்த கோட்டையே மூடிடுச்சு. படத்துக்கு எந்த ஃபான்ட்னு டீமா ஒண்ண முடிவு பண்ணி எல்லா மெஷின்லயும் போட்டுட்டா இது நிக்கும்.

அடுத்தது ஸ்க்ரீன் ஸ்கேலிங். விண்டோஸ்ல 100 சதவீதம்னா 96 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு அத்தனை புள்ளின்னு கணக்கு), 125னா 120, 150னா 144. லேப்டாப் ஸ்க்ரீன் 150லயும் ஆபீஸ் மானிட்டர் 100லயும் இருந்து, விண்டோவ ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு இழுத்தா சில பழைய டூல் எழுத்தோட அளவ தப்பா கணக்கு போடும். ஒரே மானிட்டர்ல வச்சு டூல மூடித் தொறந்து பாருங்க. மூணாவது காரணம், டூலோட வெர்ஷன்: நீங்க அப்டேட் பண்ணிட்டீங்க, மத்தவங்க பண்ணலன்னா கோடு போடற முறையே மாறியிருக்கலாம். இந்த மூணும் இல்லன்னா லோக்கல் கேஷ (டூல் உங்க மெஷின்ல வச்சிருக்கற தற்காலிக காப்பி) அழிச்சுட்டு சர்வர்லேர்ந்து புதுசா எடுங்க, ஆனா சர்வர்ல ஏத்தாத வேலை ஏதாவது உங்ககிட்ட இருந்தா அத மொதல்ல காப்பி எடுத்து வச்சுட்டு அழிங்க.

எல்லாருக்கும் கலைஞ்சிருந்தா, எப்படி கலைஞ்சிருக்குன்னு பாருங்க

எல்லாமே மூலைல குமிஞ்சிருந்தா, பாக்ஸுக்கு இடமே தெரியல, டூல் எல்லாத்தையும் சைபர்ல வச்சிருக்குன்னு அர்த்தம். இது பெரும்பாலும் ஒரு டூல்லேர்ந்து இன்னொரு டூலுக்கு எக்ஸ்எம்ஐ ஃபைல் வழியா கொண்டு வரும்போது நடக்கும், எக்ஸ்எம்ஐ மாடல கொண்டு வரத்தான் உண்டானது, படத்தோட இடத்த ஒவ்வொரு டூலும் தன் சொந்த முறைலதான் அதோட சேத்து எழுதும், அடுத்த டூலுக்கு அது புரியாது. எங்களுக்கு அந்த திங்கக்கிழமை நடந்தது இதுதான், வெள்ளிக்கிழமை ராத்திரி வெளிநாட்டு டீம்ல ஒருத்தர் பாதி மாடல வேற டூல்ல திருத்தி திரும்ப இம்போர்ட் பண்ணியிருந்தார், அந்த பாதிதான் குமிஞ்சுது.

எல்லாம் நேர்த்தியா வரிசையா இருக்கு, ஆனா நீங்க வச்ச மாதிரி இல்லன்னா, யாரோ ஆட்டோ லேஅவுட் போட்டுட்டாங்க. அவர் இன்னும் படத்த மூடலன்னா கன்ட்ரோல் இசட் போதும், அதனாலதான் க்ரூப்ல மெசேஜ மொதல்ல போடச் சொன்னேன்.

படம் தலைகீழா இருந்தா ஒய் அச்சு திரும்பிருக்கு. பல டூல் கீழ போகப் போக எண்ண கூட்டும், என்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட் டேட்டாபேஸ்ல பாத்தா கீழ போகப் போக மைனஸ்ல போகும், நடுவுல யாராவது ஸ்க்ரிப்ட் எழுதி மாத்தும்போது அந்த மைனஸ விட்டா கவிழ்ந்துடும். ஸ்க்ரிப்ட திருத்துங்க, கையால அடுக்காதீங்க. உள்ள இருக்க வேண்டிய சின்ன பாக்ஸ் பெரிய பாக்ஸுக்கு வெளில சிதறி இருந்தாலும் இதே ஜாதி கோளாறுதான்: ஆர்க்கி மாதிரி டூல் குட்டி பாக்ஸோட இடத்த தாய் பாக்ஸோட மூலைலேர்ந்து கணக்கு வைக்கும், வேற சில டூல் தாளோட மூலைலேர்ந்து வைக்கும்.

பாதி புதுசு பாதி பழசா இருந்தா அது மெர்ஜ், அதாவது ரெண்டு பேர் தனித்தனியா மாத்தினத ஒண்ணா சேத்தது. இதுதான் கண்டுபிடிக்க ரொம்ப கஷ்டம், கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

கிட்னா ஃபைல்ல யார் எப்ப என்ன மாத்தினாங்கன்னு பதிஞ்சு வைக்கற டூல், அதுக்கு படம்னா என்னன்னு தெரியாது. அதுக்கு எக்ஸ்எம்எல் ஃபைல் வெறும் வரிகள். நீங்க ஒரு வரியயும் நான் தள்ளி இருக்கற இன்னொரு வரியயும் மாத்தினா ரெண்டையும் எடுத்துக்கும், கான்ஃப்ளிக்ட்னு, அதாவது ரெண்டும் மோதுதுன்னு, சொல்லாது. இப்ப ஒரு பாக்ஸ எடுத்துக்கோங்க: எக்ஸ் 240, ஒய் 160, அகலம் 120, உயரம் 60. அதோட நடு எக்ஸ் 300. அதுலேர்ந்து ஒரு கோடு நேரா கீழ இறங்கி, எக்ஸ் 300 ஒய் 400ங்கற எடத்துல வலது பக்கம் மடங்குது. தம்பி தன் ப்ராஞ்ச்ல, அதாவது தனக்குன்னு பிரிச்சு எடுத்த காப்பில, பாக்ஸ 400 தள்ளி எக்ஸ் 640க்கு கொண்டு போறார், டூல் கோட்டோட மடிப்பையும் 700க்கு நகர்த்துது. நான் என் ப்ராஞ்ச்ல அதே கோட்ட தொட்டு மடிப்ப ஒய் 420ன்னு இறக்கறேன். மெர்ஜ் பண்ணும்போது கோட்டு வரில மட்டும் கான்ஃப்ளிக்ட் வருது, நான் "என்னோடது"ன்னு அமுக்கறேன். ஃபைல் பிழையே இல்லாம தொறக்கும். ஆனா பாக்ஸ் இருக்கறது 640ல, கோடு அங்கேர்ந்து கெளம்பி பின்னாடி 300க்கு ஓடி வந்து மடங்கி மறுபடி வலது பக்கம் போகுது, நடுவுல இருக்கற நாலு பாக்ஸ குறுக்க வெட்டிக்கிட்டு. இப்படி இருபது கோடு இருந்தா அதுதான் இடியாப்பம்.

டேட்டாபேஸ்ல ஷேர் பண்ணாலும் இதுக்கு ஒரு உறவுக்காரன் இருக்கு. பூட்டு போடாம ரெண்டு பேர் ஒரே படத்த தொறந்து வச்சிருந்தா கடைசியா சேவ் பண்ணவரோடதுதான் நிக்கும், மொதல் ஆளோட வேலை சத்தமில்லாம போயிடும்.

திரும்பக் கொண்டு வர்றது

எதுக்கும் முன்னாடி இப்ப இருக்கற நெலமைய ஒரு காப்பி எடுத்துடுங்க, கலைஞ்சிருந்தாலும் பரவால்ல, அதுலயும் யாரோட புது வேலையாவது இருக்கும்.

கிட்ல இருந்தா அந்த ஃபைலோட ஹிஸ்டரிய பாத்து கடைசியா நல்லா இருந்த கமிட்ட (பதிஞ்சு வச்ச நெலமைய) தேடுங்க, மொத்த ரிப்போவையும் பின்னாடி இழுக்காம அந்த ஒரு ஃபைல மட்டும் அந்த கமிட்லேர்ந்து எடுங்க. பாப்பைரஸ்ல நோட்டேஷன் ஃபைல மட்டும் பழசாக்கி யூஎம்எல் ஃபைல புதுசாவே விடலாம். அப்படி பண்ணா நடுவுல புதுசா சேந்த பாகம் படத்துல வராது, ட்ரீலேர்ந்து இழுத்து வந்து போட்டுக்கணும், நடுவுல அழிச்ச பாகம் படத்துல ஒட்டாம தொங்கும், அத எடுத்துடணும். 42 பாக்ஸ அடுக்கறதுக்கு மூணு பாக்ஸ இழுக்கறது எவ்வளவோ மேல். பிபிஎம்என் ஃபைல்லயும் இதே வித்தைதான், பழைய ஃபைலோட கீழ்ப்பகுதிய புது ஃபைல்ல ஒட்டலாம், ரெண்டுலயும் ஐடி மாறாம இருந்தாத்தான் ஒட்டும்.

என்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட் வச்சிருக்கறவங்க பேஸ்லைன் (அன்னிக்கு இருந்த நெலமைய பதிஞ்சு வச்ச காப்பி) எடுத்திருந்தீங்கன்னா அதோட ஒப்பிட்டுப் பாத்து பழைய நெலமைக்கு போகலாம். எடுக்கலன்னா பேக்கப்ப வேற எடத்துல ரெஸ்டோர் பண்ணச் சொல்லுங்க, ஓடிட்டு இருக்கற டேட்டாபேஸ் மேல ரெஸ்டோர் பண்ண விடாதீங்க, அப்படி பண்ணா மத்தவங்க வேலையெல்லாம் போயிடும். பேக்கப் காப்பிய பக்கத்துல தொறந்து வச்சுப் பாத்துப் பாத்து நகர்த்துங்க. டேபிள்ல கை வச்சு எண்ண மாத்தலாமேன்னு தோணும், எனக்கும் தோணிருக்கு. படிக்கறதுக்கு மட்டும் க்வெரி போடுங்க, எழுதறதா இருந்தா காப்பில மட்டும்.

பாக்ஸ் எல்லாம் சரியா நிக்குது, கோடு மட்டும் கோணல்னா கோட்டோட மடிப்ப மட்டும் அழிச்சுடுங்க. பெரும்பாலான டூல்ல கோட்டுல ரைட் க்ளிக் பண்ணா மடிப்ப எடுக்கவோ ஸ்டைல மாத்தவோ வழி இருக்கும், நேர்கோடா ஆனப்புறம் தேவையான எடத்துல மட்டும் மடிங்க. விசியோவில இருந்தா அந்த கனெக்டரோட பிஹேவியர்ல ரீரூட்ட நெவர்னு வச்சுட்டா யார் எந்த பாக்ஸ நகர்த்தினாலும் அந்த கோடு தன் வழிய தானா மாத்திக்காது.

ப்ளான்ட்யூஎம்எல், மெர்மெய்ட் யூஸ் பண்றவங்களுக்கு கதை வேற. அங்க இடம்னு எதுவும் ஸ்டோர் ஆகறதே இல்ல, எழுத்திலேர்ந்து ஒவ்வொரு தடவையும் புதுசா கணக்கு போட்டு வரையுது. ப்ளான்ட்யூஎம்எல்லோட க்ளாஸ் டயகிராமுக்குப் பின்னாடி கிராஃப்விஸ்னு படத்த அடுக்கற சாஃப்ட்வேர் இருக்கு, சுகியாமாவும் கூட இருந்தவங்களும் 1981ல எழுதின அடுக்கு முறைய ஒட்டினது, பாகங்கள படிப்படியா அடுக்கி கோடு வெட்டிக்கறத கொறைக்கப் பாக்கும். ஒரே ஒரு அம்பு சேந்தாலும் ஒரு பாகம் கீழ் படிக்கு எறங்கும், அது எறங்கினா மத்ததும் இடம் மாறும். இத பழைய நெலமைக்கு கொண்டு போகணும்னா அந்த வரிய எங்க சேத்தீங்களோ அத நகர்த்திப் பாருங்க, அம்போட திசைய எழுதுங்க, கண்ணுக்குத் தெரியாத கோடு போட்டு ரெண்டு பாகத்த பக்கத்துல நிறுத்துங்க, எல்லாருக்கும் ஒரே வெர்ஷன் வையுங்க. முப்பது பாகத்துக்கு மேல போனா ரெண்டு படமா பிரிச்சுடுங்க, அதோட மல்லுக்கட்டாதீங்க.

மறுபடி நடக்காம இருக்க

பூட்டு. கேமியோங்கற மாடலிங் டூலோட டீம்வொர்க் க்ளவுட்ல எடிட் பண்ண லாக் எடுக்கணும், என்டர்பிரைஸ் ஆர்கிடெக்ட்ல யூசர் செக்யூரிட்டிய ஆன் பண்ணா லாக் இல்லாம எடிட் பண்ண முடியாதபடி வைக்கலாம். ஆரம்பத்துல எல்லாரும் முணுமுணுப்பாங்க, எங்க டீம்லயும் நடந்துச்சு, ஒரு மாசத்துல பழகிடும். லாக் எடுத்துட்டு லீவுல போறவங்கள மட்டும் பாத்துக்கணும், தீபாவளி பொங்கலுக்கு ஊருக்கு பஸ் ஏறறதுக்கு முன்னாடி லாக்க விடச் சொல்லி க்ரூப்ல ஒரு தடவ நெனவுபடுத்துங்க.

சாதா கிட்ல பூட்டு கெடையாது. அதுக்கு பதிலா கிட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபைல்ல டயகிராம் ஃபைலுக்கு மெர்ஜ் வேண்டாம்னு எழுதி வைங்க, அப்ப ரெண்டு பேர் மாத்தினா அது வரி வரியா கலக்காம கான்ஃப்ளிக்ட்னு நின்னுடும், ரெண்டு பேரும் பேசி எது வேணும்னு எடுக்கலாம். படத்த நகர்த்தறத தனி கமிட்டா போடுங்க, மாடல் மாத்தறதோட சேக்காதீங்க, படத்த மட்டும் பின்னாடி இழுக்கணும்னா இது கை குடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒருத்தர் பொறுப்புன்னு வச்சுக்கிட்டா இன்னும் நிம்மதி. மத்தவங்க படத்துல ஆட்டோ லேஅவுட் போட்டுப் பாக்கணும்னா காப்பி எடுத்து காப்பில போடுங்க, அந்த பாக்ஸ் ஏன் அந்த எடத்துல இருக்குங்கறதுக்கு அவர்ட்ட ஒரு காரணம் இருக்கும், பல நேரம் அது வேற எங்கயும் எழுதி இருக்காது.

எங்க டீம்ல இப்ப வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு ஒரு ஸ்க்ரிப்ட் ஓடி முக்கியமான எல்லா படத்தையும் எஸ்விஜியா எக்ஸ்போர்ட் பண்ணி தேதி போட்டு ஒரு ஃபோல்டர்ல வைக்குது. போன மாசம் மறுபடி ஒரு படம் கலைஞ்சுது, ரெண்டு பேர் ஒரே நேரத்துல சேவ் பண்ணதுதான். தம்பி யாரையும் கேக்காம மொதல்ல க்ரூப்ல மெசேஜ் போட்டார், அந்த எஸ்விஜிய பக்கத்துல தொறந்தார், கோயம்புத்தூர் சார போன்லயே வச்சுக்கிட்டு ஒண்ணேகால் மணி நேரத்துக்குள்ள எல்லா பாக்ஸையும் பழைய எடத்துல கொண்டு வந்து நிறுத்திட்டு, "இப்ப எல்லாரும் மூடித் தொறங்க"ன்னு போட்டார்.